கப்பி உடைந்த மறுநாள்

அபர்டீன் கல்குவாரியில் மழை தூறிக்கொண்டிருக்கிறது. நேற்று கிரேனின் கப்பி உடைந்ததில், கொக்கியில் பாரம் மாட்டிக்கொண்டிருந்த தொழிலாளி ஈவன் மேலேயே பாறை விழுந்து உயிர் போய்விட்டது. கிரேன் செய்த கம்பெனியிலிருந்து வந்திருக்கும் ஃபிட்டர் கெடஸ், சேற்றில் மண்டியிட்டு உடைந்த இரும்பைத் துடைக்கிறார். பளபளக்கும் முறிவின் நடுவே ஒரு கரிய ஓட்டை. இரும்பை உருக்கி வார்க்கும்போதே விழுந்தது, அவர்கள் கம்பெனிப் பட்டறையில் வார்த்தது. “அளவுக்கு மேல பாரம் ஏத்திட்டான்னு சொல்லிடுய்யா. நம்ம பேரு நாறிடும்,” என்று காதோரம் குனிகிறார் அதே கம்பெனியின் மேனேஜர் லைப்பர். எதிரே ஈவனின் மனைவி எல்ஸ்பெத், முக்காட்டில் நீர் சொட்ட நிற்கிறாள். “அவரு மேலதான் தப்புன்னு ஊரே பேசுது. நீங்களாவது உண்மையச் சொல்லுங்கண்ணே.” உளிச் சத்தமில்லாத குவாரியில் எல்லோரும் கெடஸின் வாயையே பார்க்கிறார்கள். அவர் எழுந்து, இரும்பை அவளிடம் நீட்டுகிறார். “தப்பு எங்களோடதும்மா.” அவளுடைய சுண்டுவிரல் அந்த ஓட்டைக்குள் முழுதாக இறங்குகிறது.