மாப்பிள்ளைத் தவளை

பேட்டரி செத்தும் உயிர் போகாத ஒரு கிழட்டு லேப்டாப் இருந்தது. அந்தக் காலத்துத் தவளை விளையாட்டைப் புதுசாக மெருகேற்றி விட்டிருந்தார்கள். செம்மலர் அதை லேப்டாப்பில் ஏற்றினாள். "இது ஓடலைன்னா உன்னைப் பழைய இரும்புக் கடையில போட்டுடுவேன்," என்றாள்.

தவளை வரும்போதே மாப்பிள்ளை முறுக்கோடு வந்தது. "எட்டு ஜிபி ரேம் எங்கே? குளத்துல என் முகம் தெரியணும். புல்லு ஒவ்வொண்ணும் ஆடணும்."

"நம்மகிட்ட இருக்கிறது ரெண்டுதாங்க, மாப்ளே," என்றது லேப்டாப்.

"ர்ர்ர்... அண்ணே... எனக்கு மூச்சு முட்டுது," என்றது உள்ளே இருந்த ஃபேன்.

தவளை குதித்தது. பாதி வழியில், குளத்துக்கு மேலே, அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது.

"மாமா," என்றது, முறுக்கெல்லாம் போய். "என்னை இறக்கி விடுங்க."

"நிழலைக் கழட்டுங்க மாப்ளே."

கழட்டியது. லேசாக அசைந்தது.

"தண்ணிப் பளபளப்பையும். அப்புறம் அந்தப் புல்லு."

"புல்லு கல்யாணத்துக்குன்னே எடுத்தது மாமா."

"கழட்டுங்க."

கட்டம் கட்டமான பழைய பச்சைத் தவளை தாமரை இலையில் தொப்பென்று விழுந்தது. மறுபடி குதித்தது. குதித்துக்கொண்டே இருந்தது. "அப்பாடா, இப்பதான் கை காலை நீட்ட முடியுது. நல்லா இருங்க மாமா."

விளையாடி முடித்த செம்மலர் லேப்டாப்பைத் தூக்கினாள். இரும்புக் கடைக்கோ என்று அது நடுங்கியது. அவளோ அடியில் நாலு பாட்டில் மூடிகளை வைத்து, அதன் மேல் மெதுவாக இறக்கினாள்.

"ர்ர்... அண்ணே," என்றது ஃபேன். "காத்து வருது."