சைவ மீன்

மரகதத்தைக் காணோம்.

சீதாலக்ஷ்மிக்கு ஒரு நிமிஷம் மூச்சே நின்றுவிட்டது. கண்ணாடித் தொட்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குனிந்து குனிந்து பார்த்தாள். பின்பக்கக் கண்ணாடியில் சாய்த்துவைத்த கூரை ஓட்டுக்கு அருகே மாணிக்கம் மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தது.

கரமனை அக்ரஹாரத்தில் இந்த ஜோடி மீன்கள் பிரசித்தம். கிழக்கேகோட்டையில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் சிபி, "சிக்லிட் ஜாதி மாமி, நம்ம நாட்டு மீனாக்கும். கீரை போட்டா மதி, வேறொண்ணும் வேண்டாம்" என்று சொல்லி விற்ற மீன்கள். பச்சை உடம்பு, மேலே முத்து முத்தாய்ப் புள்ளி. முருங்கைக்கீரையைக் கிள்ளிப் போட்டால் இழுத்து இழுத்துத் தின்னும். "எங்காத்து மீன் சுத்த சைவமாக்கும்" என்று தெரு முழுக்கப் பெருமையடித்து வைத்திருந்தாள் சீதாலக்ஷ்மி.

அவள் கணவர் அனந்தநாராயணனுக்கும் அந்த மீன்கள் மேல் உயிர். ரிட்டயர் ஆனதிலிருந்து தினமும் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு, வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். மனசுக்குச் சாந்தி கிடைக்கிறதாம்.

"ஏன்னா, மரகதத்தைக் காணோமே."

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"மீனுக்குக் காலா இருக்கு, எழுந்து போறதுக்கு? யாரோ எடுத்திருக்கா."

"நம்மாத்துல யாரு எடுப்பா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "காலம்பர தொட்டியைத் துடைச்சது யாரு?"

துடைத்தது செல்லபாய். பாறசாலையிலிருந்து பஸ் ஏறி வந்து, பல வருஷமாய் இந்த வீட்டில் பாத்திரம் தேய்த்து, துணி துவைக்கிறவள். இதுவரை ஒரு ஸ்பூன்கூடக் காணாமல் போனதில்லை. ஆனாலும் அவளுடைய சோற்றுப் பாத்திரம் கொல்லைப்படியைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. அது அனந்தநாராயணன் போட்ட சட்டம். மீன் வாடை அவருக்குக் குமட்டிக்கொண்டு வருமாம்.

"அவள் அப்படிப்பட்டவள் இல்லைன்னா."

"நீ ஒரு அசடு, சீதே. அது என்ன மீன்னு தெரியுமோ உனக்கு? கரிமீனாக்கும்."

சீதாலக்ஷ்மிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரிமீன் என்ற பேரை ஓட்டல் போர்டுகளில்தான் படித்திருக்கிறாள். படித்த உடனே கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். அந்தக் கரிமீனுக்கா இத்தனை நாளும் கீரை கிள்ளிப் போட்டோம்?

"மீன் தின்கிறவாளுக்கு இதைப் பார்த்தா கை சும்மா இருக்குமா?" அனந்தநாராயணனுக்கு ஆவேசம் வந்துவிட்டது. "சின்ன உள்ளி, குருமிளகு எல்லாம் அரைச்சுத் தடவி, வாழையிலையில பொதிஞ்சு, கல்லுல போட்டு மெதுவாத் திருப்பணும். அவசரப்பட்டா தோல் ஒட்டிக்கும். வால்கிட்ட முள்ளு ஜாஸ்தி, பார்த்துத் தின்னணும். வயித்துப் பக்கம் வெண்ணெய் மாதிரி..."

பாதியில் நிறுத்தித் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அப்படித்தான் அவாள்லாம் பண்ணுவா. இன்னியோட அவளை நிறுத்திடு."

மரகதம் வாழையிலைக்குள் கிடப்பது கண்முன்னால் வந்தது. சீதாலக்ஷ்மி கொல்லைப்பக்கம் திரும்பினாள். அந்த ஆத்திரத்தில் வேறொன்றும் தோன்றவில்லை.

"செல்லபாய், இங்கே வா. மரகதத்தை என்ன பண்ணினே? நாளையிலேருந்து நீ வரவேண்டாம்."

துணி வாளியோடு வந்த செல்லபாய் அப்படியே நின்றுவிட்டாள்.

"நானா மாமி? எனக்கு மீனே ஆகாது. தின்னா ஒடம்பு முழுக்கத் தடிச்சிரும். பிள்ளையளுக்கு வச்சுக் குடுக்கதுகூட மூக்கப் பொத்திக்கிட்டுதான்."

வாளியைக் கீழே வைத்தாள். தொட்டிக்குள் கையை விட்டு அந்த ஓட்டை மெல்ல நகர்த்தினாள்.

ஓட்டுக்குப் பின்னால் மரகதம் இருந்தது. ஓட்டின் உள்பக்கம் கடுகை ஒட்டவைத்த மாதிரி முட்டைகள். துடுப்பால் அவற்றுக்கு விசிறிக்கொண்டிருந்தது. மாணிக்கம் பாய்ந்து வந்து செல்லபாயின் விரலைக் கொத்தியது.

"நேத்தே இந்த ஓட்டச் சொரண்டிட்டுக் கெடந்துது. முட்ட போடும்னு நெனச்சேன்" என்று செல்லபாய் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சீதாலக்ஷ்மி வெட்கத்தால் குன்றிப்போனாள். அப்போதுதான் இன்னொன்று அவளுக்கு உறைத்தது. கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஏன்னா, எப்படித் திருப்பணும், எங்கே முள்ளு இருக்கும்னெல்லாம் உங்களுக்கு யார் சொன்னா?"

அனந்தநாராயணன் மடித்து வைத்த பேப்பரைத் தேடி எடுத்தார்.

செல்லபாய் முந்திக்கொண்டாள். "டிவியில காட்டுவாவ மாமி. எப்பப் பாத்தாலும் சமையல் பரிபாடிதானே."

"ஆமாம், டிவிதான்" என்று அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

செல்லபாய் வாளியோடு கொல்லைப்பக்கம் போனாள். நாலு நல்ல வார்த்தை சொல்லலாம் என்று சீதாலக்ஷ்மி பின்னாலேயே போனாள்.

மற்றத் துணிகளை விட்டுவிட்டு ஒரு சட்டையை மட்டும் செல்லபாய் தனியாகத் துவைத்துக்கொண்டிருந்தாள். அலசினாள். முகர்ந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி சோப்பை எடுத்தாள்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாயங்காலம் அனந்தநாராயணன் வாசகசாலை கமிட்டிக்குப் போவார். நேற்றுப் போட்டுக்கொண்டு போன சட்டை அது.

சீதாலக்ஷ்மி அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். ஒரு தடவை சோப்புப் போட்டும் கைப்பக்கத்தில் மீன் வாடை போகவில்லை. அவள் துவைகல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மாமாட்ட ஒண்ணும் கேக்காதீங்க மாமி" என்றாள் செல்லபாய். "இத்தன வருஷமா வெள்ளிக்கெழம சட்டைய நான் ரெண்டு மட்டம் சோப்பு போட்டுக் கழுவுனது வெறுதே வீணாயிரும்."