பக்கத்து வீட்டுச் சிரிப்பு

"இது என்ன சத்தம், சொல்லு பார்ப்போம்."

இன்ஜினியர் லேப்டாப்பை மனைவி பக்கம் திருப்பினான். டொக், டொக் என்று கேட்டது.

"குளியலறைக் குழாய். ஒழுகுதுன்னு எத்தனை தடவை சொல்லியாச்சு!"

"நான் சுவர்க் கடிகாரம்னு போட்டிருக்கேனே..."

"நல்லா போட்டீங்க. அது நின்னு போனதுகூடத் தெரியாதா?" துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அவன் அசடு வழியத் திருத்திக்கொண்டான்.

காது கேளாதவர்களுக்கு வீட்டுச் சத்தங்களை இன்னதென்று எழுதிக் காட்டும் கருவி ஒன்றை அவன் செய்துகொண்டிருந்தான். இரண்டு மாதமாக அது ஹால் அலமாரி மேல் உட்கார்ந்து, யாரும் சொல்லித் தராமலே எல்லாவற்றையும் கேட்டுப் பதிந்து, ஒன்றுபோல இருப்பதைத் தானே ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தது. பெயர்தான் அதற்குத் தெரியாது. அதற்கு மனுஷன் வேண்டும். ஒவ்வொரு சத்தத்துக்கும் நாலைந்து மாதிரி எடுத்து இவன் பெயர் போட்டால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

நாளைக்கு மேலதிகாரி முன்னால் அது சரியாகச் சொல்ல வேண்டும். சொதப்பினால் கடையைக் கட்டிவிடுவார்கள், இவனும் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

"மத்ததெல்லாம் சரி. ஒண்ணே ஒண்ணுலதான் முரண்டு பிடிக்குது. பக்கத்து வீட்டம்மா சிரிப்புன்னு தெளிவா பேர் போட்டிருக்கேன். ஒத்துக்கவே மாட்டேங்குது."

"அவங்க சிரிப்பு நம்ம வீட்டுக்குள்ள எப்படி வரும்?"

"ஜன்னல் வழியாத்தான். பகல் பூரா என்ன சிரிப்பு! கவலையே இல்லாத ஜென்மம்போல."

பட்டனைத் தட்டினான். ஒரு பெண் அடக்க முடியாமல் சிரித்தாள். மூச்சை ஒரு இழுப்பு இழுத்தாள், மறுபடியும் சிரித்தாள்.

மடித்துக்கொண்டிருந்த சட்டையோடு மனைவியின் கை அப்படியே நின்றது. கடைசிவரை கேட்டாள்.

"இதை எதோட சேர்க்குது?"

"அதான் வேடிக்கை, உன் குரலோட! உனக்கும் இந்தச் சிரிப்புக்கும் என்ன சம்பந்தம்? முட்டாள் மெஷின். இன்னிக்குள்ள திருத்தியாகணும்."

அவள் சட்டையை மடித்து முடித்து, மற்றவற்றின் மேல் வைத்தாள்.

"மெஷினைத் திருத்தாதீங்க," என்றாள். "பக்கத்து வீட்ல அவங்க காலி பண்ணிட்டுப் போயி ஒரு வருஷமாச்சு. வீடு பூட்டித்தான் கிடக்கு."