சிம் போடும் இடம்

இடது கையில் ஒன்று. வலது கையில் ஒன்று.

இடது கையில் இருந்ததற்குக் கனமே இல்லை.

"அது ரீடர், புக்கு படிக்கிறதுக்கு மட்டுந்தானுங்க்கா," என்றாள் கடைப்பெண். "வெயில்லயும் எழுத்து தெளிவாத் தெரியும். கண்ணு வலிக்காது. ஒருக்கா சார்ஜ் போட்டா ரெண்டு வாரம் வரும். அந்தக் கையில இருக்கறது டேப். படிக்கலாம், படம் பாக்கலாம், போற வழியில நெட் பாக்கலாம். ஆனா தினமும் சார்ஜ் போடோணும்."

வளர்மதி இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சிக்கு வேலைக்குத் தினமும் ரயில். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். படிக்க அது போதும்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அவள் என்ன படிக்கிறாள் என்று கணவர் தெய்வசிகாமணி ஒரு நாளும் கேட்டதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அவராகவே சொன்னார். ரயில்ல சும்மாதான உக்காந்து வர்ற, படிக்க ஏதாச்சும் வாங்கித் தர்றேன்.

அன்றிலிருந்து அவளுக்குச் சரியாகத் தூக்கமில்லை.

"இதுவே போதுமுங்க," என்று ரீடரைப் பக்கத்தில் நின்ற கணவரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஓரங்களை விரலால் தடவினார்.

"இதுல சிம் எங்க போடறது?"

"அதுல சிம் இல்லீங்ண்ணா. டேப்லதான் இருக்குது."

ரீடரைக் கடையின் கண்ணாடி மேஜை மேல் வைத்துவிட்டார்.

"டேப்ல சிம் போட்டா, அது எங்க இருக்குதுன்னு என்ற போன்ல தெரியுமா?"

"தெரியுமுங்ண்ணா. தொலைஞ்சா உடனே கண்டுபிடிச்சரலாம்."

"தொலையாம இருக்கறப்ப?"

கடைப்பெண் வளர்மதியைப் பார்த்தாள். பிறகு குனிந்து எதையோ அடுக்கினாள்.

"அப்பவும் தெரியுமுங்க."

அவருடைய போன் அடித்தது. காதில் வைப்பதற்குள் குரல் வெளியே கேட்டுவிட்டது. வளர்மதியின் அண்ணன்.

"எடுத்தாச்சுங்களா மாப்பிள்ளை?"

எட்டு மாதமாக அண்ணன் இவர்கள் வீட்டோடு பேச்சில்லை. தங்கச்சி மோகனப்பிரியா வேறு சாதிப் பையனோடு போன நாளிலிருந்து. நீதான்டி அவளை அனுப்பி வெச்ச என்று வாசலில் நின்று கத்திவிட்டுப் போனான். ஊர் ஊராக ஆள் வைத்துத் தேடினான். கிடைக்கவில்லை.

வளர்மதிக்கு மட்டும் தெரியும்.

கிணத்துக்கடவு.

புதன்கிழமைகளில் பொள்ளாச்சியிலிருந்து திரும்பும்போது அங்கே இறங்குவாள். பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் தங்கச்சி உட்கார்ந்திருப்பாள். அரை மணி நேரம். அப்புறம் பஸ் பிடித்து வீடு. ரயில் லேட்டு என்று சொல்லிக்கொள்வாள்.

தங்கச்சிக்கு இப்போது ஏழாம் மாதம்.

"டேப்பே போட்டுருங்க," என்றார் அவர்.

"எனக்கு அது வேண்டாமுங்க. கண்ணு வலிக்கும்."

அவர் சிரித்தார்.

"அப்பச் சரி. ரெண்டையும் எடுத்துக்க."

*

புதன்கிழமை காலையில் பையை அவரே எடுத்துக் கொடுத்தார். டேப்பில் சார்ஜ் நிறைந்திருந்தது.

"சாயங்காலம் ரயில் ஏறுனதும் இதுலயே கூப்புடு. மூஞ்சியப் பாத்துப் பேசலாம்."

இன்றைக்கு வர வேண்டாம் என்று தங்கச்சிக்குச் சொல்ல வழியில்லை. வளர்மதியின் போனை அவர் தினமும் வாங்கிப் பார்ப்பார். அதனால் அக்காவும் தங்கச்சியும் போனில் பேசிக்கொள்வதே இல்லை.

சாயங்காலம் பொள்ளாச்சியில் ரயில் ஏறியதும் டேப்பில் அவரைக் கூப்பிட்டாள். அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஜன்னலைக் காட்டச் சொன்னார். பக்கத்தில் யார் என்று கேட்டார். வைத்தார்.

டேப்பை இங்கேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டால் என்ன? அது பாட்டுக்குக் கோயமுத்தூர் போய்ச் சேரும்.

காலால் சீட்டுக்கடியில் தள்ளினாள்.

எதிரில் இருந்த பெரியவர் குனிந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

"பத்திரம் அம்மிணி. வெல ஜாஸ்தியான சாமான்."

ரயிலின் வேகம் குறைந்தது.

தங்கச்சி பெஞ்சில் இருந்தாள். அக்காவை ஜன்னலில் கண்டதும் ஒரு கையை ஊன்றி எழுந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

வளர்மதி எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் அசைத்தாள்.

வராதே. போ.

தங்கச்சிக்குப் புரியவில்லை. வயிற்றில் கை வைத்தபடி ரயிலை நோக்கி நடந்து வந்தாள்.

வளர்மதி அவசரமாக ரீடரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். எழுத்து ஒன்றும் தெரியவில்லை.

"அக்கா."

ஜன்னலுக்கு வெளியே, ஒரு கை தூரத்தில்.

"அக்கா, இறங்கலியா?"

அவள் திரும்பவில்லை. முன்பின் தெரியாத யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

ரயில் நகர்ந்தது. குரல் பின்னால் போயிற்று.

பிளாட்பாரம் முடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் விட்டாள். பரவாயில்லை. அடுத்த வாரம் எப்படியாவது சொல்லிக்கொள்ளலாம். கோபித்துக்கொள்ளட்டும். அவருடைய போனில் இன்றைக்கு நேராகக் கோயமுத்தூருக்கு ஒரே கோடுதான் தெரியும். நடுவில் இறங்கியதாக எதுவும் இருக்காது.

மடியில் டேப் வெளிச்சமானது.

அவர்தான் அனுப்பியிருந்தார்.

'ஏன் இறங்கல? பாவம், ஜன்னல் வரைக்கும் வந்து கூப்பிட்டாளே. நானும் உங்கண்ணனும் இங்க பிளாட்பாரத்துலதான் நிக்கறோம்.'

அடுத்து ரயில் நிற்க இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.