பிசினுக்குள் எறும்பு

சுரங்க ஆபீஸ் மேஜையில், கோலிகுண்டு அளவுப் பிசின்கட்டி ஒன்று வெயில் பட்டு விளக்கெண்ணெய் நிறத்தில் மின்னுகிறது. நேற்று கரிக்குவியலில் அதை முதலில் எடுத்தவள் செங்கமலம்தான். வெறும் பிசின் என்று வீசிவிட்டாள். கூட வேலை செய்யும் சாமியம்மாள் பொறுக்கிவந்து ஆபீஸில் கொடுத்த பிறகுதான் உள்ளே ஓர் எறும்பு இருப்பது தெரிந்தது. "கோடி வருஷத்துக்கு முந்தின எறும்பும்மா!" என்கிறார் என்ஜினீயர். சாமியம்மாளுக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். அவள் கரி படிந்த முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொள்கிறாள். வாசலில் நிற்கும் செங்கமலத்துக்கு வயிறு எரிகிறது. "ஏன் அங்கியே நின்னுகினு இருக்க? வந்து பாரு செங்கமலம்," என்று சாமியம்மாள் கூப்பிடுகிறாள். செங்கமலம் மேஜைமேல் இருந்த பூதக்கண்ணாடி வழியே குனிந்து பார்க்கிறாள். மயிரிழைக் காலொன்றைத் தூக்கியபடி, இதோ நடக்கப்போவதுபோல் எறும்பு நிற்கிறது. கண்ணை எடுக்க மனம் வரவில்லை. ஆனாலும் நிமிர்ந்து, "எனக்கு ஒண்ணும் தெரியலியே," என்கிறாள்.