வெளிநடப்பு டீ

"என்னக்கா, டீ ஆறிட்டு இருக்கு. ஆளைக் காணோமே?"

நகரசபைக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்று இப்படிக் கேட்டவனுக்கு ஊரில் பட்டப்பெயர் மைக்செட். எதிர்க்கட்சிக்குக் கோஷம் போடுகிற தொண்டன். காதும் காதும் வைத்த மாதிரி பேசுவதெல்லாம் அவனுக்கு வராது.

கடைக்கார அக்காவும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் நடக்கிற நாளெல்லாம் எதிர்க்கட்சி கவுன்சிலர் கோபமாக வெளிநடப்பு செய்துவிட்டு நேராக இங்கேதான் வருவார். பின்னாலேயே அவர் கட்சி உறுப்பினர்களும் வருவார்கள். அக்கா முன்கூட்டியே டீ போட்டு வைத்துவிடுவாள். கடையில் அதற்குப் பெயரே வெளிநடப்பு டீ.

இன்றைக்கு யாரும் வரவில்லை.

"உள்ளே எட்டிப் பார்த்தேன்கா. நகரசபைத் தலைவர் வாய்க்கு வந்தபடி கிண்டல் பண்றாரு. நம்ம கவுன்சிலரு பிடிச்சு வச்ச மாதிரி உட்கார்ந்திருக்காரு. எழுந்து பேசச் சொன்னா 'உட்கார்ந்தே பேசுறேன்'ங்கிறாரு. விலை போயிட்டாருக்கா!"

அக்காவுக்கு வயிறு எரிந்தது. ஆஸ்பத்திரி ரோட்டைச் சரிசெய்யச் சொல்லி கவுன்சிலர் கூட்டத்துக்குக் கூட்டம் கொண்டுவருகிற தீர்மானம் அவளுக்கு வெறும் அரசியல் இல்லை. மகளுக்கு இது நிறைமாதம். அந்த ரோட்டுப் பள்ளத்துக்குப் பயந்து ஒரு ஆட்டோவும் அந்தப் பக்கம் வருவதில்லை. வலி எடுத்தால் பெண்ணை எப்படிக் கொண்டுபோவது? ஊருக்காகக் கத்த இவர் ஒருத்தராவது இருக்கிறாரே என்று நம்பியிருந்தாள்.

"இரு, நானே கொண்டுபோய்க் கொடுத்துட்டு, நல்லா நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

தட்டில் டீயோடு அவள் மன்றத்துக்குள் நுழைந்தபோது தலைவர் பேசிக்கொண்டிருந்தார்.

"திரும்பத் திரும்பச் சொல்றேன். ஆஸ்பத்திரி ரோட்டுல இருக்கிறது பள்ளம் இல்லை. லேசான இறக்கம்!"

ஆளுங்கட்சிப் பக்கம் சிரிப்பு எழுந்தது. வழக்கமாக இந்த இடத்தில்தான் கவுன்சிலர் மேஜையைத் தட்டிவிட்டு எழுந்து போவார். அவர் போனதும் தலைவர், "தீர்மானம் கேட்டவரே இல்லை, தள்ளுபடி" என்று முடித்துவிடுவார்.

கவுன்சிலர் அசையவில்லை. முகமெல்லாம் வேர்த்திருந்தது. முழங்காலில் சேறு காய்ந்திருந்தது.

"தலைவரே, பெரிய 'ற' போட்ட இறக்கம் ரோட்டுல இருக்கு. சின்ன 'ர' போட்ட இரக்கம்தான் இங்க யார்கிட்டயும் இல்லை. ஓட்டெடுப்பு வைங்க."

"என்ன, இன்னைக்கு வெளியே போகலையா? அக்கா டீயையே உள்ளே கொண்டுவந்துட்டாங்க பாருங்க!"

"போகலை."

"ரோஷம் இருக்கிறவங்க இந்நேரம் எழுந்திருப்பாங்க."

கவுன்சிலரின் கை நாற்காலியை இறுகப் பிடித்தது. "எனக்கு இன்னைக்கு ரோஷம் இல்லை. ஓட்டெடுப்பு வைங்க."

தலைவருக்குச் சலித்துவிட்டது. நம்மிடம்தான் ஆள்பலம் இருக்கிறதே என்ற தைரியத்தில் சொன்னார்: "சரி, தீர்மானத்தை ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

எதிர்க்கட்சிக் கைகள் எல்லாம் உயர்ந்தன. ஆளுங்கட்சிப் பக்கம் தூங்கி விழித்த ஒருவர் சோம்பல் முறிக்க இரண்டு கையையும் தூக்கினார். மன்றச் செயலாளர் அதில் ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.

"எதிர்க்கிறவங்க?"

தலைவர் தன் பக்கம் திரும்பிப் பார்த்தார். பாதிக்கு மேல் காலி நாற்காலிகள்.

"எங்கேய்யா நம்ம ஆளுங்க?"

"சாப்பிடப் போயிட்டாங்க, தலைவரே. எப்பவும் இந்நேரத்துக்கு முடிஞ்சிடுமே!"

தீர்மானம் நிறைவேறியது. நாளைக் காலையில் வேலை ஆரம்பம் என்று பொறியாளர் எழுந்து அறிவித்தார். அக்கா டீத் தட்டைப் பக்கத்து மேஜையில் வைத்தாள். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

மைக்செட் கூட்டத்தை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தான்.

"எங்கள் சிங்கம் வாழ்க! தோள்ல தூக்குங்கடா அண்ணனை!"

"தூக்காதீங்க!" கவுன்சிலர் அலறினார். "யாரும் என்னைத் தொடக்கூடாது. எல்லாரும் முன்னாடி போங்க. நான் கடைசியா வரேன்."

"ஜெயிச்சும் என்ன ஒரு அடக்கம் பாருங்க!" என்று மைக்செட் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் முன்பு விலை போனவர் என்று சொன்னது அவனேதான் என்பது அவனுக்கு மறந்தேபோயிருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு, கவுன்சிலர் கையில் இருந்த பைலைப் பின்பக்கம் பிடித்துக்கொண்டு, சுவரோரமாகவே நடந்து டீக்கடைக்கு வந்தார். வந்ததும் முதுகைச் சுவரில் ஒட்டி நின்றார்.

அக்கா புது டீ போட்டுக் கொடுத்தாள்.

"உன்னைத் தப்பா நினைச்சுட்டேன் தம்பி. என் வயித்துல பாலை வார்த்துட்டே. அவங்க அத்தனை பேச்சு பேசியும் எழுந்திரிக்காம உட்கார்ந்து சாதிச்சியே, யாருக்கு வரும் அந்தப் பொறுமை!"

கவுன்சிலர் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பொறுமையாவது ஒண்ணாவது! காலையில வரும்போது அந்தப் பள்ளத்துலயே விழுந்துட்டேன்கா. அவசரத்துல அப்படியே எழுந்து வந்தேன். உள்ளே வந்து உட்காரும்போது பேன்ட்டு பின்னாடி டர்ருனு முழுசா கிழிஞ்சுபோச்சு. எழுந்திருந்தா மானமே போயிருக்கும். ஊசி நூல் இருக்கா?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, பெட்டியிலிருந்து ஊசி நூலை எடுத்தாள்.

"இத்தனை நாளா எழுந்து எழுந்து வந்தே, ஒண்ணும் நடக்கலை. ஒரு நாள் உட்கார்ந்தே, ரோடு வந்துடுச்சு. திரும்பு, தைச்சு விடுறேன்."

கவுன்சிலர் திரும்பி நின்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"ரொம்பக் கெட்டியா தைக்காதீங்கக்கா. அடுத்த கூட்டத்துல குடிதண்ணீர்க் குழாய் விஷயம் வருது."