கப்பல் ரசீதில் மஞ்சள்

"நாலு மூலையிலயும் மஞ்சள் தடவ இது என்ன கல்யாணப் பத்திரிகையாடி?"

தஞ்சாவூர் வங்கிக் கிளையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, அரிசி மில் முதலாளி தியாகராசன் மனைவியைப் பார்த்துக் கத்தினார்.

மங்களாம்பிகை அசரவில்லை. "முதன்முதலா வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புறோம். சாமி படத்துக்கு முன்னாடி வெறும் பேப்பராவா வைக்கிறது? கொஞ்சம் தாராளமா குழைச்சுட்டேன், அவ்வளவுதான்."

தாராளம்தான். கப்பல் ரசீதில் சரக்கு ஏற்றிய தேதி இருந்த மூலையே மஞ்சளில் மூழ்கியிருந்தது. துடைக்கப் போனதில் எழுத்தும் சேர்ந்து போய்விட்டது. ரசீது மூன்று பிரதி. மூன்றுக்கும் பாரபட்சம் இல்லாமல் வைத்திருந்தாள் புண்ணியவதி.

எதிரே இருந்த அதிகாரி வானதிக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது. "தேதி தெரியாத ரசீதை வச்சுப் பணம் தர முடியாதுங்க சார்."

"அத்தனையும் பொன்னி அரிசி மேடம்! ஒண்ணாம் நம்பர்!"

"நாங்க அரிசியைப் பார்க்கறதில்லைங்க, பேப்பரைத்தான் பார்ப்போம். பேப்பர் சுத்தமா இருந்தா, வாங்குறவர் சரக்கைக் கண்ணால பார்க்குறதுக்கு முன்னாடியே பணம் வந்துடும். தப்பு இருந்தா, அவர் சம்மதிச்சாத்தான்."

"புது ரசீது வாங்கிட்டு வந்துடுறேங்க."

"அது வர ஒரு வாரமாகும். பேப்பர் கொடுக்குற கெடு நாளைக்கே முடியுது சார்."

தியாகராசனுக்கு வியர்த்துக் கொட்டியது. கொட்டாதா? மில் வாசலில் ஏல நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. இந்தப் பணம் வந்தால்தான் மில் மிஞ்சும்.

"வாங்குறவர் பினாங்குல அஸார்னு போட்டிருக்கே, அவருக்கே ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே?" என்றாள் வானதி.

"ஐயையோ, வேண்டாங்க! முதல் வியாபாரம். மானம் போயிடும்."

மங்களாம்பிகைக்கு அந்த ரோஷமெல்லாம் கிடையாது. "அவர் நம்ம நாகூர்க்காரர்தானே?" என்று கணவரின் போனைப் பிடுங்கி, ஸ்பீக்கரில் போட்டு, தான் செய்த காரியத்தை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள்.

அஸார் விழுந்து விழுந்து சிரித்தார். "மஞ்சளுக்காகப் பணத்தை நிறுத்துவேனா தங்கச்சி? நம்ம ஊரு வழக்கம் எனக்குத் தெரியாதா? கப்பல் காலையிலயே வந்துடுச்சு. துறைமுகத்துல அனுமதி வாங்கி, பெட்டியைத் திறந்து ஒரு கை அரிசியைப் பார்த்துட்டு, சாயங்காலமே சம்மதம்னு எழுதிடுறேன்."

"பார்த்தீங்களா சார், பிரச்சினை தீர்ந்துது!" வானதிக்கு உண்மையிலேயே சந்தோஷம். மங்களாம்பிகை தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தியாகராசன் மட்டும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

கப்பலில் போன அத்தனை மூட்டையிலும் இருந்தது கொள்ளிடத்து மணல் என்பதை, அவர் மனைவியிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.